குளிர்காலத்தில் ஃபியோர்டு: அம்மாவை அழைத்துப் போகலாமா?

ஓஸ்லோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "திருச்சியிலிருந்து அம்மா ஜனவரியில் வந்து மூன்று மாதம் எங்களோடு இருக்கப்போகிறார். வயது 66, முழங்கால் வலி உண்டு. அவரை ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் குறுகிய கடல் நீட்சியில், படகுப் பயணம் அழைத்துப் போக ஆசை. என் கணவரோ, 'இந்தக் குளிரில் அங்கே என்ன தெரியும்? கோடையில் இன்னொரு முறை வரட்டும்' என்கிறார். அப்படியே இரவு வானில் தெரியும் துருவ ஒளியையும் காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். போகலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அம்மா வந்திறங்கிய கையோடு கிளம்ப வேண்டாம்; பிப்ரவரி கடைசி வரை பொறுங்கள். உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரியின் முற்பகுதியிலும் அங்கே பகல் ஆறு மணி நேரத்தை ஒட்டித்தான். சூரியனும் மலைச்சுவரைத் தாண்டி ஏறாது. நீர்மட்டத்தில் எந்நேரமும் நிழல்தான். பிப்ரவரி முடியும்போது பகல் பத்து மணி நேரத்துக்கு நீண்டுவிடும், மலையில் பனியும் குறைந்திருக்காது. ஓஸ்லோ பள்ளிகளின் குளிர்கால விடுமுறையான, ஆண்டின் எட்டாம் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ரயிலில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு கூட்டம் நெரியும்.

துருவ ஒளியை இந்தப் பயணத்தோடு சேர்த்து அம்மாவிடம் சொல்லி வைக்காதீர்கள். அதை நம்பிப் போகிறவர்கள் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, ட்ரொம்சோ நகரத்துப் பக்கம் போகிறார்கள். நீங்கள் போகப்போவது அதற்கு வெகு தெற்கே, அதுவும் பகல் நேரப் படகில்.

உங்களுக்கு ஏற்றது மேற்கு நார்வேயில் ஃபிளோம் கிராமத்திலிருந்து குட்வாங்கென் கிராமத்துக்குப் போகும் படகு. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். முதலில் ஆவுர்லான்ஸ்ஃபியோர்டு, பிறகு இடப்பக்கம் திரும்பி நெரோய்ஃபியோர்டு. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம் இது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். இந்தத் தடத்துக்கென்று 2018இல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் படகு ஒன்று வந்தது. அதன் வெளிப்பக்கத்தில் மலைப்பாதைபோல வளைந்து ஏறும் சரிவு நடைபாதை இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவருக்குப் படியைவிட இது எவ்வளவோ மேல்.

சில ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரியில் நான் இதே தடத்தில் போனேன். இயந்திரச் சத்தமே இல்லை. குட்வாங்கென் நெருங்கும்போது 'கறக், கறக்' என்று அப்பளம் நொறுங்குவதுபோல ஓர் ஓசை. எட்டிப் பார்த்தால், முன்பக்கத்தில் கண்ணாடித் தகடுபோன்ற பனிக்கட்டி உடைந்து, துண்டு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஏறிக்கொண்டிருந்தது. கடல் உப்புநீர், அதோடு அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டமும் வருவதால் ஃபியோர்டு பெரும்பாலும் உறைவதில்லை. ஆற்றுநீர் வந்து மேலே படரும் உள்முனையில் மட்டும் இப்படி மெல்லிய ஆடை கட்டும். கோடையில் இரைச்சலோடு விழும் அருவிகள், பாறையோடு ஒட்டிய நீலத் தூண்களாக நின்றிருந்தன. அந்த நீலத்தை எந்தப் புகைப்படத்திலும் நான் சரியாகக் கண்டதில்லை. கோடையில் போனவர்களுக்கு இது கிடைக்காது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

இனி உடை. பயணம் இனிப்பதும் கசப்பதும் இதில்தான். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்தால் உலராமல் குளிரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கம்பளி, அதற்குமேல் ஸ்வெட்டர், வெளியே காற்றும் நீரும் புகாத நீண்ட கோட்டு. அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். உள்பாவாடைக்குள் கம்பளிக் கால்சட்டை போட்டு, கொசுவத்தை இரண்டு அங்குலம் தூக்கிச் செருகச் சொல்லுங்கள். படகுத்துறையில் உருகிய பனிச்சேறு ஓரத்தில் ஏறினால் நாள் முழுக்க ஈரம்தான். காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அங்கே அதை 'ப்ரோடர்' என்பார்கள். படகைவிட எனக்குக் கவலை துறையில் உறைந்து கிடக்கும் அந்த இருபது அடிதான். அம்மா உங்கள் தோளைப் பிடித்தே நடக்கட்டும்.

ஒரே நாளில் ஓஸ்லோவிலிருந்து போய்த் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரயில் மாறும் மீர்டால் நிலையம்வரை நான்கரை மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து ஃபிளோமுக்கு மலை ரயிலில் இன்னும் ஒரு மணி நேரம். ஓஸ்லோவுக்கும் மீர்டாலுக்கும் நடுவில் 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம் இருக்கிறது. பனிப்புயல் வந்தால் தடத்தையே மூடிவிடுவார்கள். ஆகவே ஃபிளோமில் இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் கெட்டாலும் மறுநாள் கையில் இருக்கும். குளிர்காலத்தில் படகுகள் குறைவு என்பதால் நேரத்தைப் பார்த்துவிட்டே அறை எடுங்கள்.

படகில் முதல் ஒரு மணி நேரம் அம்மாவை உள்ளே கண்ணாடி ஓரம், இடப்பக்கமாக உட்கார வையுங்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன உன்ட்ரெடால் கிராமம் அந்தப் பக்கம்தான் வரும். சூடாக ஏதாவது குடிக்கட்டும். படகு இடப்பக்கம் திரும்பியதும் குல்லாய், கையுறை எல்லாம் மாட்டி வெளியே அழைத்து வாருங்கள். பத்து நிமிடம் நின்றால் போதும். பிறகு உள்ளே போய்க் கை காய்ந்ததும், குட்வாங்கென் வருமுன் அவரே மறுபடி எழுந்து வருவார் பாருங்கள்.