அம்மாவுக்குப் பிள்ளையின் ரத்தம் ஏன் ஏற்றவில்லை?

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும் என்றார்கள். அம்மா பி பாசிட்டிவ். நானும் தம்பியும் அதே பி பாசிட்டிவ். இருவரும் போய்க் கொடுத்தோம். ஆனால் அம்மாவுக்கு ஏற்றியது யாரோ முன்பின் தெரியாதவருடைய ரத்தம். கேட்டால், 'பிள்ளைகளுடையது வேண்டாம்' என்கிறார்கள். சினிமாவில் மூன்று பிள்ளைகள் பக்கத்துக் கட்டிலில் படுத்து நேராக அம்மாவுக்கே கொடுக்கிறார்களே! சொந்த ரத்தம் இருக்கும்போது ஊரார் ரத்தம் எதற்கு? இது ஏமாற்று வேலை இல்லையா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஏமாற்று வேலை இல்லை. அந்த ரத்த வங்கியில் இருந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். உங்கள் அம்மாவை ஓர் ஆபத்துக்குப் பக்கத்தில்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் காட்சி 1977இல் வந்த 'அமர் அக்பர் ஆண்டனி' இந்திப் படத்தில் வருவது. மூன்று மதங்களில் வளர்ந்த மூன்று பிள்ளைகள், எதிரில் கிடப்பது தங்களைப் பெற்றவள் என்று தெரியாமலே ரத்தம் கொடுப்பார்கள். அது சொல்ல வந்த செய்தி பெரியது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதையே ஆஸ்பத்திரி நடைமுறை என்று நம்பி ஒரு மகன் ரத்த வங்கி வாசலில் கோபத்தோடு நிற்கிறார் என்றால், அந்தக் காட்சியைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்று கைகளிலிருந்து குழாய்கள் மேலே ஏறி, உயரத்தில் தொங்கும் ஒரு பாட்டிலில் சேர்ந்து, அங்கிருந்து அம்மாவின் கைக்கு இறங்கும். முதலில், ரத்தம் அப்படி மேலே ஏறாது. கையின் சிரையில் அழுத்தம் மிகக் குறைவு. அதனால்தான் நீங்கள் கொடுத்தபோது பை உங்கள் கைக்குக் கீழே இருந்தது. அடுத்து, உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கிவிடும். 450 மி.லி. எடுக்கும் பையில் 63 மி.லி., 350 மி.லி. பையில் 49 மி.லி. என்று முன்கூட்டியே ஒரு திரவம் ஊற்றி வைத்திருப்பார்கள். அதிலுள்ள சிட்ரேட், ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உறைவு நிற்கிறது. ரத்தம் இறங்க இறங்கப் பையை ஆட்டிக்கொண்டே இருந்தார்களே, அந்தத் திரவம் எல்லா இடத்திலும் கலக்கத்தான். சிட்ரேட்டின் இந்தப் பயன் 1914இல் தெரியவந்தது. அதற்கு முன்பு கொடுப்பவரையும் பெறுபவரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைப்பதைத் தவிர வழியே இல்லை. சினிமா இன்னும் அந்தக் காலத்துக் கட்டிலையே காட்டிக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் உயிர்நாடிக்கு வருகிறேன். சொந்த ரத்தம் நல்லது என்ற நம்பிக்கைதான் இதில் மிகவும் தவறானது.

நாம் கொடுக்கும் ரத்தத்தில் சிவப்பணுக்களோடு உயிருள்ள வெள்ளை அணுக்களும் போகின்றன. அந்நியருடைய வெள்ளை அணு உள்ளே வந்தால், நோயாளியின் உடம்பு 'இது நம்முடையது இல்லை' என்று கண்டுபிடித்து அழித்துவிடும். பெற்ற பிள்ளையின் அணு அம்மாவுடையதைப் போலவே இருந்தால்? ஒவ்வொரு அணுவின் மேலும் ஓர் அடையாளத் தொகுதி இருக்கிறது, அதில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவது. தந்தை கொடுத்த பாதியும் தாய் கொடுத்த பாதியும் தற்செயலாக ஒன்றாகவே அமைந்துவிட்டால், அந்தப் பிள்ளையின் அணுவில் தாய்க்கு அந்நியமாக எதுவுமே தெரியாது. தாயின் உடம்பு அதை விட்டுவைக்கும். ஆனால் தாயிடம் இன்னொரு பாதி இருக்கிறதே, அது பிள்ளையின் அணுவுக்கு அந்நியம். உள்ளே போன அணு பெருகி, அவளுடைய தோலையும் குடலையும் ஈரலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றுப்போக்கு என்று தொடங்கும். பிறகு ரத்த அணுக்கள் உற்பத்தியே நின்றுபோகும். அரிதாக வரும் நோய்தான், ஆனால் வந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், அந்த இரண்டு பாதிகளும் ஒன்றாக அமையும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

நெருங்கிய உறவினர் ரத்தத்தை ஏற்றியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பைக்கு 25 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்து வெள்ளை அணுக்களைப் பெருகவிடாமல் செய்ய வேண்டும். அதற்கான கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஊரார் ரத்தம் தயாராக இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கணவன் மனைவிக்குக் கொடுப்பதும் இப்படித்தான். இனிமேல் பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்குக் கணவனின் ரத்தத்தை ஏற்றினால், அவனுடைய அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதம் அவள் உடம்பில் உருவாகலாம். பின்னால் வயிற்றில் வளரும் குழந்தை, தந்தையின் அதே அடையாளத்தோடு இருக்கும்போது அந்த ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும். நாயகன் நாயகிக்கு ரத்தம் கொடுத்துக் காதலை நிரூபிக்கும் காட்சிகளை எழுதுகிறவர்கள் இதை ஒரு ரத்த வங்கி மருத்துவரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

பிள்ளை என்றால் வகை பொருந்தும் என்பதும் சினிமா கற்றுக்கொடுத்த பாடம்தான். அம்மா ஓ, அப்பா ஏபி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஏ அல்லது பி ஆகத்தான் பிறப்பார்கள். ஓ வகை அம்மாவுக்கு அவர்களில் ஒருவருடைய ரத்தமும் சேராது. 'ஏபி நெகட்டிவ், எங்கும் கிடைக்காத வகை' என்று டாக்டர் கையைப் பிசையும் காட்சியும் அப்படித்தான். ஏபி நெகட்டிவ் நோயாளிக்கு ஏ, பி, ஓ என எந்த நெகட்டிவ் சிவப்பணுவையும் ஏற்றலாம். நிஜமாகவே திண்டாட வைப்பது 1952இல் பம்பாயில் கண்டுபிடிக்கப்பட்ட 'பாம்பே' வகை. மேலோட்டமான சோதனையில் அது ஓ போலவே தெரியும், ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆபத்து. அவர்களுக்கு இன்னொரு பாம்பே வகைக்காரர்தான் கொடுக்க முடியும். ஒரு முழுப் படத்துக்கான கதை அதில் இருக்கிறது.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்ற ஐந்து சோதனைகள் முடியாமல் எந்தப் பையும் வெளியே போகக் கூடாது. 2018இல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதே, அந்தக் கொடுமையை நாம் மறக்கக் கூடாது. தொற்று ஏற்பட்ட முதல் நாட்களில் சோதனையில்கூடச் சிக்காமல் போகலாம். அதனால்தான் கொடுப்பவர் உண்மையைச் சொல்வது அவ்வளவு முக்கியம். வெளியே மாமனாரும் மச்சானும் காத்திருக்கும்போது, 'என்னால் கொடுக்க முடியாது, காரணம் இது' என்று ஒருவரால் வாய் திறந்து சொல்ல முடியுமா? யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தானாக வந்து கொடுப்பவருக்கு மறைக்க வேண்டிய நெருக்கடி இல்லை. நீங்கள் 'ஊரார்' என்று தள்ளிவைப்பவர் அவர்தான். தங்கை படிப்புக்காக ரத்தத்தை விற்கும் அண்ணனைப் பழைய படங்களில் பார்த்துக் கண்ணீர் விட்டிருப்போம். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரத்துக்கு இந்தியாவில் தடை.

'உடனே ஏற்றுங்கள்' என்று சினிமா டாக்டர் கத்துவார். உண்மையில், நோயாளியின் ரத்தத்தையும் பையின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்சுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். பிரசவத்தில் கொட்டும் ரத்தத்துக்கு அவ்வளவு நேரம் பொறுக்க முடியாது, அங்கே ஓ நெகட்டிவ் சிவப்பணுவை ஏற்றத் தொடங்கிவிட்டு மற்றதைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் தாண்டி, வகை மாறிய ரத்தம் ஏற்றப்பட்டுப் போகும் உயிர்கள் பெரும்பாலும் சோதனைச் சாலையின் பிழையால் போவதில்லை. சாம்பிள் குழாயில் பெயரை மாற்றி ஒட்டுவதாலும், பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பையை இந்தக் கட்டிலில் மாட்டுவதாலும் போகின்றன. அங்கே கூட இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. சாம்பிள் எடுத்தவுடன், கட்டில் பக்கத்திலேயே குழாயில் பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) எழுதுகிறார்களா என்று பாருங்கள். பை வந்ததும் அதன் மேலுள்ள பெயர், எண், வகை, காலாவதித் தேதி ஆகியவற்றை இருவர் சேர்ந்து வாசித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல சிஸ்டர்கள் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். முதல் 15 நிமிடம் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். குளிர் நடுக்கம், முதுகுவலி, ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், மூச்சுத் திணறல், சிறுநீர் சிவப்பாகப் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

பையை வங்கியிலிருந்து வார்டுக்குக் கொண்டுவரும் வேலை பல ஊர்களில் நோயாளியோடு கூட இருப்பவர் தலையில்தான் விழுகிறது. நேராக வாருங்கள், வழியில் டீ வேண்டாம். குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். 'ஜில்லென்று இருக்கிறதே' என்று வெந்நீரில் போடாதீர்கள். ஐஸ் கட்டி நேராகப் பட்டாலும் அணு உடையும். வார்டு ஃபிரிட்ஜில் வைப்பதும் கூடாது.

நீங்களும் தம்பியும் கொடுத்தது வீணாகவில்லை. இந்நேரம் அது சிவப்பணு, பிளாஸ்மா என்று பிரிந்து, வேறு யாருடைய அம்மாவுக்கோ போயிருக்கும். உடம்பு ஒத்துழைத்தால் 3 மாதம் கழித்து இருவரும் மறுபடி போகலாம். ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தத் தேதியில் எத்தனை யூனிட் ஏற்றினார்கள் என்பது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைக் காட்டுங்கள். ஒருமுறை ஏற்றிக்கொண்டவர் உடம்பில் புது ஆன்டிபாடி வந்திருக்கலாம். பழைய சாம்பிளை வைத்துக்கொண்டு அடுத்த பையைப் பொருத்திப் பார்க்கக் கூடாது, புதிதாக எடுக்க வேண்டும்.