பி.எஃப். பிடித்தார்கள், கட்டினார்களா? சம்பளக் கணக்குக் கேள்வி பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூரிலும் தோல், ஷூ கம்பெனிகளின் சம்பளக் கணக்கை இருபது வருடத்துக்கு மேல் பார்த்துவருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆம்பூரிலிருந்து: அண்ணா, ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல் பாகம்) தைக்கிறேன். மொத்தம் 13,000. சம்பளச் சீட்டில் பேசிக் 6,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 6,500. பேசிக்குக்கு மட்டும் பி.எஃப். 780 பிடிக்கிறார்கள். சரியா?

சரியில்லை தங்கச்சி. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் தருகிற அலவன்ஸுக்கும் பி.எஃப். உண்டு என்று 2019 பிப்ரவரி 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம், போனஸ் இதில் சேராது. அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்க வேண்டியது 13,000-க்கு 12 சதவீதம், அதாவது 1,560.

"கையில் வருவது குறையுமே" என்று நிறையப் பேர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உங்கள் பங்கில் 780 கூடினால் முதலாளியும் 780 கூடப் போட வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவர் போடும் 1,560-ல் 1,083 பென்ஷனுக்கும் 477 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகும். பென்ஷன் கணக்கு இது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை வேலை செய்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15 வருடம் வேலை செய்தால் 13,000-க்கு மாதம் சுமார் 2,785 வரும். 6,500 என்றே காட்டியிருந்தால் 1,392 தான். இன்றைக்குக் குறைத்துக் காட்டுவதை வயதான காலத்தில் நீங்கள்தான் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

குடியாத்தத்திலிருந்து: வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். வீட்டில் செய்கிற வேலைக்கு பி.எஃப். கிடையாது என்கிறார் ஏஜென்ட்.

உண்டு அம்மா. வீட்டில் உட்கார்ந்து சுற்றினாலும் நீங்கள் அந்தக் கம்பெனியின் தொழிலாளிதான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலை, தூள் வாங்கியதும் பீடி கொடுத்ததும் எழுதுகிற நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வேலைக்கு அதுதான் சாட்சி. ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப். கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பணம் எடுக்கும்போது பெரும்பாலும் அங்கேதான் சிக்குகிறது.

வாணியம்பாடியிலிருந்து: தோல் பை யூனிட் நடத்துகிறேன். ஆள் 21 ஆகிவிட்டது. என்னென்ன கட்ட வேண்டும்? இரண்டு பங்கையும் சம்பளத்திலேயே பிடிக்கலாமா?

பத்து ஆள் ஆனபோதே இ.எஸ்.ஐ. (தொழிலாளிக்கான மருத்துவக் காப்பீடு) வந்துவிட்டது, இருபதில் பி.எஃப். கான்ட்ராக்ட் ஆட்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். பிறகு ஆள் குறைந்தாலும் விலக முடியாது.

இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. பி.எஃப்.-ல் இருவருக்கும் 12. அதற்கு மேல் நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இன்ஷூரன்ஸுக்கு அரை சதவீதம் உங்கள் பொறுப்பு. இரண்டுக்குமே அடுத்த மாதம் 15-ம் தேதி கடைசி நாள். உங்கள் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி குற்றம், அதை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள் சார்.

ஆர்டர் பணம் வரத் தாமதமானால், பிடித்த பணத்தைக் கட்டாமல் சுழற்றத் தோன்றும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு யூனிட்டில் எட்டு மாதம் அப்படிச் செய்தார்கள். அந்தச் சமயத்தில் கட்டிங் பிரிவில் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். இன்ஷூரன்ஸ் பணத்துக்காக அவர் மனைவி மாதக்கணக்கில் அலைந்தார். அந்தக் கணக்கை எழுதிய கை என்னுடையது, அது இன்னும் உறுத்துகிறது. பிடித்ததைக் கட்டாமல் விடுவதற்குப் பெயர் நம்பிக்கை மோசடி. போலீஸ் கேஸே வரும்.

ஆற்காட்டிலிருந்து: ஜூலையில் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டியது. இ.எஸ்.ஐ. அன்றோடு நின்றுவிடுமா?

நிற்காது தம்பி. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று பணம் கட்டும் காலம் இரண்டு. நடுவில் தாண்டினாலும் செப்டம்பர் வரை முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டும். அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உண்டு.

சத்துவாச்சாரியிலிருந்து: எட்டு வருட வேலையை விடுகிறேன். கடைசி பேசிக் 14,000. என்ன வரும்?

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பின்படி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி: 14,000 × 15 ÷ 26 × 8, சுமார் 64,615 ரூபாய். அதற்கு முப்பது நாள் அவகாசம்.

தொழில் வரி மாதாமாதமா?

அரையாண்டுக்கு ஒருமுறை. வேலூர் மாநகராட்சிக்குப் போகிறது. அரையாண்டுக்கு 1,250-க்கு மேல் பிடிக்க முடியாது.

பலரும் கேட்டது: கம்பெனி உண்மையிலேயே பி.எஃப். கட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்கில் பதிந்த செல்போனிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள். கடைசியாகக் கட்டிய தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். உமங் செயலியில் பாஸ்புக்கையே பார்க்கலாம். 20-ம் தேதிக்கு மேல் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து விழவில்லை என்றால் முதலில் ஆபீஸில் கேளுங்கள், அப்புறம் சம்பளச் சீட்டு நகலோடு வேலூர் பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.