ஒரே பக்கம் தப்பும் பட்: கையைத் திருத்தும் முன் கண்ணைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வயது 57. ரிட்டயர் ஆன பிறகு கோல்ஃப் ஆடத் தொடங்கினேன். வலது கைக்காரன். ஆறேழு அடியிலிருந்து பட் செய்தால்கூட, அதாவது தரையோடு குழிக்கு உருட்டினால்கூட, பந்து குழிக்கு வலப்பக்கமாகவே போகிறது. பந்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் கோடு, எழுந்து பந்தின் மேல் குனிந்ததும் மாறித் தெரிகிறது. எதை நம்புவது? தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸாக இருக்கும் புரோகிரெசிவ் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

பதில்: பின்னாலிருந்து பார்த்த கோட்டை நம்புங்கள். அங்கே இரண்டு கண்ணும் குழியை நேராகப் பார்க்கின்றன. பக்கவாட்டில் குனிந்து நிற்கும்போதுதான் கண் ஏமாற்றும். ஏமாந்த கண்ணுக்கு ஏற்ப நீங்கள் பட்டரை (பட் செய்யும் மட்டையை) திருப்பிவைக்கிறீர்கள். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பட்டரின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம். பத்தடி தூரத்தில் அது ஒரு டிகிரி திரும்பினால் பந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். குழியின் மொத்த அகலமே 10.8 சென்டிமீட்டர்தான்.

முதலில் உங்கள் கண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வீட்டில் பழைய சிடி ஒன்று கிடக்கும். அதன் நடுவாக மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போட்டு, பளபளக்கும் பக்கம் மேலே இருக்க, கோடு டைல்ஸ் இணைப்போடு ஒத்துப்போகும்படி தரையில் வையுங்கள். நடு ஓட்டையில் பந்தை உட்காரவைத்து, வழக்கம்போல் நில்லுங்கள். பந்தின் இரு பக்கமும் உங்கள் கண்கள் தெரியும். இரண்டும் கோட்டின் மேலோ, ஒரே அளவாகக் கொஞ்சம் உங்கள் பாதத்தின் பக்கமாகவோ இருந்தால் நல்லது. பாதத்தின் பக்கம் நன்றாகத் தள்ளித் தெரிந்தால், வலது கைக்காரர்கள் பெரும்பாலும் வலப்பக்கம் குறிவைப்பார்கள். பந்துக்குக் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள். ஒரு கண் கோட்டுக்கு மேலே, மற்றது கீழே என்று தெரிந்தால் தலை சாய்ந்திருக்கிறது. அப்போது கோடும் சாய்வாகத்தான் தெரியும்.

குழியைப் பார்க்கத் திரும்பும்போது தலையைத் தூக்காதீர்கள். குனிந்த நிலையிலேயே கழுத்தை உருட்டினால், பார்வை நூல் பிடித்தாற்போல் கோட்டிலேயே ஓடும். தூக்கினால் அந்த நொடியில் கோடு நழுவிவிடும்.

பந்தில் ஒரு கோடு வரைந்துகொள்ளவும் விதி அனுமதிக்கிறது. பந்து கிடக்கும் இடத்தில் அடையாளம் வைத்துப் பந்தை எடுத்து, பின்னாலிருந்து பார்த்து, அந்தக் கோட்டைக் குறிக்கு நேராக வையுங்கள். பட்டரை அதற்குச் செங்குத்தாக வைத்தால் போதும்; குனிந்த பிறகு வலது, இடது என்று திருத்தாதீர்கள். முதல் சில நாள் கோணலாகத்தான் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிலையெடுக்கும்போது கேடி (பையைத் தூக்கி வரும் உதவியாளர்) பின்னால் நின்று சரிபார்ப்பதை 2019 விதிமாற்றம் தடுத்துவிட்டதால், இந்தப் பழக்கம் உங்களுக்கே வந்தாக வேண்டும். நேரம் செலவழிக்கத் தகுந்த வேலைதான். நம் பெங்களூருப் பெண் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தது நீண்ட அடியால் அல்ல, பட்டிங்கால்.

இனி கண்ணாடி. என் சந்தேகம் முக்கியமாக அதன்மேல்தான். புரோகிரெசிவ் லென்ஸின் கீழ்ப்பகுதி, கையில் பிடித்துப் படிக்கும் தூரத்துக்கானது. குனிந்து நிற்கும் உங்கள் கண்ணுக்கும் பந்துக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். அதனால் பந்து மங்கும், லென்ஸின் ஓரத்தில் நேர்க்கோடு வளையும். தெளிவாகப் பார்க்க வேண்டி, உங்களை அறியாமலே தாடையை நெஞ்சோடு ஒட்டவைப்பீர்கள். ஒவ்வொரு பட்டுக்கும் தலை ஒவ்வொரு இடத்தில் நிற்கும்.

தூரப் பார்வைக்கு மட்டுமான சாதாரணக் கண்ணாடி ஒன்றை ஆட்டத்துக்கென்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். ஸ்கோர் கார்டு படிக்கச் சிரமமாக இருக்கும், அதைக் கூட ஆடுபவர் படித்துச் சொல்லட்டும். கண் பரிசோதனைக்குப் போகும்போது பட்டரையும் எடுத்துப் போங்கள். பரிசோதிப்பவர் முன்னால் நிலையெடுத்து நின்று, கண்ணுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.