புதிதாக நிலம் வாங்கியவர்களை முதலில் பலதானியம் விதைக்கச் சொல்வது ஏன்?

நகர வேலையை விட்டு ஊர்ப்பக்கம் ஓரிரு ஏக்கர் வாங்கியவர்களுக்கு இயற்கை விவசாயிகள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, உரத்துக்காகவே வளர்க்கும் தக்கைப்பூண்டு, சணப்பை எனக் கையில் கிடைப்பதையெல்லாம் கலந்து விதைத்து, 45, 50 நாளில் பூக்கும்போது அப்படியே மடக்கி உழுவதுதான் பலதானிய விதைப்பு.

வருடக்கணக்கில் ரசாயன உரம் மட்டுமே கண்ட மண்ணில் மட்கு, அதாவது மக்கிய இலைதழை, குறைந்திருக்கும். மழை பெய்தால் ஈரம் நிற்காது. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. மற்ற செடிகளின் இலையும் தண்டும் மண்ணுக்குத் தீனி.

சரி, ஏன் பூக்கும்போதே உழ வேண்டும்? வெண்டைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். பிஞ்சு பட்டென்று ஒடியும், முற்றினால் வெறும் நார். செடியும் அப்படித்தான், இளசாக இருந்தால் சீக்கிரம் மட்கும். உழுத பிறகு, அது மட்க இரண்டு வாரமாவது விட்டுத்தான் அடுத்த பயிர். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

‘தானியத்தை அறுத்து விற்றுவிட்டு மிச்சத்தை உழலாமே’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சத்தில் பெரும்பங்கு அந்தத் தானியத்தோடு போய்விடும், மண்ணுக்குக் கிடைப்பது காய்ந்த தட்டை மட்டுமே.