டானிக்கை ஓரமாக வையுங்கள், முயலுக்குக் காய்ந்த புல் போடுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் மகள் ஆசையாக வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை முயல் ஒன்று இருக்கிறது. பெட்டை, ஐந்து மாதம், எடை 2 கிலோ. பத்து நாளைக்கு முன்பு வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கூண்டு மூலையில் குறுகி உட்கார்ந்துவிட்டது. கால்நடை டாக்டர் ஊசி போட்டு, தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். பிழைத்துக்கொண்டது. இப்போது தானாகக் கொஞ்சம் கொறிக்கிறது. ஆனால் புழுக்கை மிளகு அளவுதான் விழுகிறது. சில நாள் காலையில் கறுப்பாகப் பிசுபிசுவென்றும் கிடக்கிறது. தீவனக் கடையில் லிவர் டானிக்கும் புரோபயோடிக் பவுடரும் கொடுத்தார்கள். மறுபடி கழிந்தால் கொடுக்கச் சொல்லி அமாக்ஸிசிலின் சிரப்பும் தந்திருக்கிறார்கள். தயிர் ஊட்டச் சொல்கிறார்கள். வழக்கமாக நாங்கள் கொடுப்பது கடையில் வாங்கும் முயல் தீவனம், கேரட், சந்தையிலிருந்து வரும் கோஸ் இலை, கோ-4 புல். பசியெடுக்க எந்த டானிக் நல்லது? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?
— ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: முதல் வேலையாக அந்த அமாக்ஸிசிலின் சிரப்பை எடுத்து அப்புறப்படுத்துங்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின், இந்த நான்கில் எதுவும் வாய் வழியாக முயலுக்குப் போகக் கூடாது. குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே என்று நினைப்பீர்கள். குழந்தையின் குடல் வேறு, முயலின் குடல் வேறு. முயல் உயிர் வாழ்வதே குடலில் இருக்கிற நுண்ணுயிர்களை நம்பித்தான். இந்த மருந்துகள் அவற்றை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியம் ஸ்பைரோஃபார்மி என்ற கிருமி பெருகி நச்சைக் கக்கும். கொடுத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, கழிச்சல் நின்றதுபோலக்கூட இருக்கும். சில நாள் கழித்துத் தண்ணீராகப் பீய்ச்சி, உடல் சில்லிட்டுச் செத்துப்போகும். மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை என்று வீட்டார் வருந்துவார்கள், கொன்றதே மருந்து என்று தெரியாமல். முயலைப் பிடித்துப் பார்க்காமல், எடை கேட்காமல் கவுண்டரில் நின்றபடி ஆன்டிபயாடிக் நீட்டும் கடைக்காரரிடம் தீவனம் மட்டும் வாங்குங்கள், வைத்தியம் கேட்காதீர்கள். ஆன்டிபயாடிக் வேண்டியிருந்தால் முயலுக்கு ஒத்துப்போகிறவை வேறு இருக்கின்றன. எது, எத்தனை மில்லி என்பதை எடையைப் பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும்.

டானிக்குக்கு வருகிறேன். எதுவும் வேண்டாம். லிவர் டானிக் என்று வருபவற்றில் பெரும்பாலானவை இனிப்புப் பாகில் கலந்தவை. வயிறு உப்பி மீண்ட முயலின் குடலுக்குச் சர்க்கரை என்பது கெட்ட கிருமிக்குப் போடும் தீனி. புரோபயோடிக் பவுடர் கெடுக்காது, அதற்காகப் பெரிதாக எதையும் செய்துவிடாது. தயிர் வேண்டவே வேண்டாம். பால் குடியை மறந்த முயலுக்குப் பால் பொருளைச் செரிக்கும் திறன் கிடையாது. அக்கம்பக்கத்தில் ஓமத்தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஓமத்தால் கெடுதல் என்பதைவிட, திமிறும் முயலின் வாயில் மடக்மடக்கென்று ஊற்றும்போது அது நுரையீரலுக்குப் போவதுதான் ஆபத்து.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. பசி ஏன் போயிற்று, வயிறு ஏன் உப்பிற்று? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் குச்சித் தீவனம், கேரட், கோஸ் இலை, தண்ணீர் கோத்த இளம் கோ-4. இந்த நான்கிலும் காய்ந்த, நீளமான நார் எங்கே இருக்கிறது?

முயலின் குடல் ஓடுவதே நாரின் தள்ளலால்தான். செரிக்காத நீள நார் பெருங்குடலில் தனியாகப் பிரிந்து, நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கையாக வெளியே போகிறது. மெல்லிய துகளும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சிறுகுடல் முடிகிற இடத்தில் பைபோல இருக்கும் சீக்கத்துக்குப் போய் நொதிக்கின்றன. அங்கே உருவாகும் சத்து, மென்மையான இன்னொரு வகைப் புழுக்கையாக வரும். முயல் குனிந்து, ஆசனவாயிலிருந்தே வாய்வைத்து அதைத் தின்றுவிடும். அதனால்தான் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. நார் குறைந்து மாவுச்சத்தும் இனிப்பும் கூடினால் குடல் ஓட்டம் மந்தமாகி, சீக்கத்தில் நொதிப்பு தறிகெட்டு, காற்று சேர்ந்து வயிறு உப்பும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டால் காலையில் கிடக்கும் பிசுபிசுப்பையும் சரியாகப் பார்க்கலாம். அது பளபளப்பாக, திராட்சைக் கொத்துபோலச் சிறு மணிகள் ஒட்டிக்கொண்டு, வாடை தூக்கலாக இருந்தால் அது கழிச்சல் அல்ல. முயல் தின்னாமல் விட்ட சீக்கப் புழுக்கைதான். தீவனத்தில் சத்து மிஞ்சிவிட்டது, அல்லது வயிற்று வலியால் குனிய முடியவில்லை என்று அர்த்தம். உருண்டைப் புழுக்கையே இல்லாமல் கூழாகவோ தண்ணீராகவோ போனால் அதுதான் உண்மையான கழிச்சல். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

உருண்டைப் புழுக்கை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நல்ல புழுக்கை கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் சிறிதாக இருக்கும், அழுத்தினால் மரத்தூளாக உதிரும், உள்ளே வைக்கோல் நிறத்தில் நார்த் துணுக்கு தெரியும், நாற்றம் இருக்காது. இப்போது உங்களுக்கு வரும் மிளகு அளவுப் புழுக்கை கறுத்து, கெட்டியாக, நசுக்கினால் பசையாக இருக்கும். முடியில் கோத்த மணியாகவும் சில வரும். குடல் இன்னும் முழு ஓட்டத்துக்கு வரவில்லை என்று பொருள். முயல் தேறிவருவதை அது எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்து எடைபோடாதீர்கள், புழுக்கையின் அளவைப் பாருங்கள். சுகமான முயல் ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் போடும்.

இனி காய்ந்த புல். முயல் வளர்க்கிறவர்கள் நம்மிடம் அதிகம் அலட்சியப்படுத்துவது இதைத்தான். பச்சைப் புல் கொடுக்கிறோமே, காய்ந்தது எதற்கு என்பார்கள். இளம் கோ-4-இல் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். முயல் வயிறு நிறையத் தின்றாலும் உள்ளே போகும் நார் கொஞ்சம். இணையத்தில் வெளிநாட்டு டிமோத்திப் புல்லைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். அந்த விலை கொடுக்க அவசியமே இல்லை. உங்கள் ஊரிலிருந்து வடக்கே மூலனூர், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், கொழுக்கட்டைப்புல் தானாகவே நிற்கிறது. முயலுக்கு அதைவிட நல்ல காய்ந்த புல் தேட வேண்டியதில்லை. அது கிடைக்காவிட்டால் அருகம்புல். சாலையோரத்தில் அறுக்காதீர்கள், களைக்கொல்லி அடித்த வரப்பிலும் அறுக்காதீர்கள்.

கதிர் தள்ளத் தொடங்கும் சமயத்தில், விதை பிடிக்கும் முன்பு, பனி காய்ந்த பிறகு அறுங்கள். இரண்டு அங்குலக் கனத்துக்கு மேல் போகாமல் ஒரு நாள் வெயிலில் பரப்பி, இரண்டு தடவை புரட்டிவிடுங்கள். அடுத்த இரண்டு நாள் காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். மூன்று நாளும் வெயிலிலேயே போட்டால் நிறம் வெளுத்து மணம் போய்விடும், முயல் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். இலை காய்ந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஈரம் ஒளிந்திருப்பது கணுவில். கணுவை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். நகத்தால் கீறினால் பச்சையாகக் கசிகிறது என்றால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். ஈரக் கணுவோடு மூட்டை கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த புல், புல்லே இல்லாததைவிட மோசம். பாலித்தீன் பையில் அடைக்காமல், சாக்கில் போட்டுத் தரையில் படாமல் வையுங்கள்.

நாலரைக் கிலோ பச்சைப் புல் காய்ந்தால் சுமார் ஒரு கிலோ வரும். 2 கிலோ முயல் ஒரு நாளைக்கு 80 கிராம் வரை தின்னும். மிதித்து வீணாக்குவதையும் சேர்த்து மாதம் 3 கிலோ வேண்டும். அதாவது 13, 14 கிலோ பச்சைப் புல் அறுத்தால் ஒரு மாதக் கதை முடிந்தது. நறுக்காமல் நீளமாகவே போடுங்கள். கடைவாய்ப் பல் தேய்வதும் அதை மென்றுதான். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். மெல்ல வேலையில்லாவிட்டால் கடைவாய்ப் பல்லில் முள் வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். உங்கள் முயல் தீனியை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடுகிறதா, தாடை நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோளாறு வயிற்றில் அல்ல, பல்லில்.

வைக்கோல் போதாதா என்று கேட்பீர்கள். படுக்கையாகப் போடலாம், கொறித்தால் பரவாயில்லை, ஆனால் அதையே தீனியாக நம்ப முடியாது. கடலைக்கொடி பார்க்க நன்றாக இருக்கும், வேரோடு வரும் மண்ணும் பூசணமும்தான் பிரச்சினை. தேறிவரும் முயலுக்கு வேண்டாம். குதிரைமசால், வேலிமசால், அகத்தி எல்லாம் குட்டி போட்ட தாய்க்குச் சரி, உங்கள் முயலுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

இன்றிலிருந்து குச்சித் தீவனத்தை முழுவதும் நிறுத்துங்கள். காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். தண்ணீரைக் கனமான கிண்ணத்தில் வையுங்கள், நிப்பிள் பாட்டிலைவிடக் கிண்ணத்தில் அதிகம் குடிக்கும். பசியைத் தூண்ட ஒரு பிடி கொத்தமல்லித் தழை, கழுவின ஈரத்தோடேயே கொடுக்கலாம். கோ-4 கொடுத்தால் காலையில் அறுத்ததை மாலைவரை வாடவிட்டு, இலையை மட்டும் கொடுங்கள். புழுக்கை பழைய அளவுக்கு வந்து, தொடர்ந்து மூன்று நாள் அப்படியே இருந்தால் குச்சித் தீவனம் 10 கிராம். பிறகு மூன்று நாளுக்கு ஒரு தடவை 5 கிராம் கூட்டி, 40 கிராமோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் கொடுப்பது கறிக்கு வளர்க்கிறவர் கணக்கு. மூட்டையில் நார்ச்சத்து எவ்வளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். 18 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. சாக்கிலிருந்து அள்ளி, லேபிள் இல்லாமல் ‘முயல் தீவனம்’ என்று நிறுத்துக் கொடுப்பது பல கடைகளில் மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோதான். கோழித் தீவனத்தில் காக்சி என்ற ஒட்டுண்ணிக்காகக் கலக்கிற சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு. மாட்டுத் தீவனத்தில் யூரியா கலந்திருக்கலாம். மக்காச்சோளமும் சூரியகாந்தி விதையும் கலர் கலராகப் போட்ட பாக்கெட் பார்வைக்கு மட்டும்தான். கேரட் இனி வாரத்துக்கு இரண்டு தடவை, கட்டைவிரல் அளவு. சந்தையில் கழித்துப்போட்ட கோஸ் இலை இனி ஒருபோதும் வேண்டாம். மருந்தடித்த வெளி இலைதான் அங்கே கழிவாக வருகிறது, அதுவும் மூட்டையில் புழுங்கி.

பத்து மணி நேரம் எதையும் தொடாவிட்டால் ஊட்ட வேண்டிவரும். குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, சலித்த காய்ந்த புல் தூள் அதே அளவு சேர்த்து, கூழாகக் கரையுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சின் முனையை வெட்டி அகலமாக்குங்கள். முயலைத் துண்டில் சுற்றி, நான்கு காலும் தரையில் ஊன்றியபடி வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு மில்லி விடுங்கள். மென்று விழுங்கிய பிறகு அடுத்தது. ஒரு வேளைக்கு 20 மில்லி, நாளைக்கு நாலைந்து வேளை. மல்லாத்திப் பிடிக்கவே கூடாது. வயிறு கல்லாக இறுகி இருந்தால் ஒரு சொட்டும் ஊட்டாதீர்கள், அடைப்பாக இருக்கலாம். நேராக டாக்டர். வலி இருக்கும்வரை குடல் ஓடாது, அதற்கும் மருந்து உண்டு, அவரிடம் கேளுங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். 1.8 கிலோவுக்குக் கீழே இறங்கினால், உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்தால், காது சில்லிட்டால் காத்திருக்க வேண்டாம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள். பின்புறத்தில் அசிங்கம் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து உலர்த்துங்கள், ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். முழுக்கக் குளிப்பாட்டக் கூடாது.

இன்னொன்றும் பார்த்துவிட வேண்டும். ஐந்து மாத முயலில் வயிற்றுக் கோளாறு என்றால் காக்சிடியோசிஸ் என்ற காக்சி ஒட்டுண்ணி நோய் இருக்கிறதா என்று சோதிப்பது அவசியம். அதில் ஒரு வகை ஈரலையே தாக்கும், அதற்கும் சல்ஃபா அல்லது டோல்ட்ராசூரில் மருந்துதான் தீர்வு. ஈரல் பெயர் போட்ட டானிக் ஒன்றும் செய்யாது. காக்சி முட்டை வெளியே விழுந்தவுடன் தொற்றாது, ஈரத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். எனவே புழுக்கையைத் தினமும் அள்ளினாலே பாதி வேலை முடிந்தது. கம்பி வலைத் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவிப் பயனில்லை. நன்றாகத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள். காலையில் விழுந்த புது உருண்டைப் புழுக்கை பத்துப் பதினைந்தையும் அந்தப் பிசுபிசுப்பில் கொஞ்சத்தையும் தனித்தனி டப்பாவில் போட்டு, வெயில் படாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனையில் கொடுத்து, காக்சி முட்டை எண்ணிக்கை பார்த்துத் தரச் சொல்லுங்கள்.