கொரியப் படத்தில் மனைவி போலீஸோடு விடுதிக்குப் போவது ஏன்?

கணவன் வேறொரு பெண்ணோடு இருக்கும் விடுதிக் கதவை மனைவி போலீஸைக் கூட்டிக்கொண்டு தட்டுகிறாள், பிறகு புகாரை வாபஸ் வாங்குகிறாள், கதையே ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீங்க. படம் 2000களில் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் இது திரைக்கதை ஓட்டை இல்லை. அன்றைய தென்கொரியச் சட்டம்தான்.

குற்றவியல் சட்டம் 241ஆம் பிரிவுப்படி கள்ள உறவுக்கு 2 ஆண்டு வரை சிறை. அபராதத்தோடு தப்ப வழியில்லை. உடலுறவே நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஒன்றாகச் சுற்றினார்கள் என்பது போதாது, அதனால்தான் அந்தக் கதவுக் காட்சி.

கணவனோ மனைவியோ புகார் தந்தால்தான் வழக்கு. அதுவும் விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டும். முதல் தீர்ப்புக்கு முன் வாபஸ் வாங்கினால் இருவருமே தப்பிவிடுவார்கள். கணவனை மட்டும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணை உள்ளே தள்ள முடியாது. எனவே புகார் பெரும்பாலும் ஜீவனாம்சப் பேரத்துக்கான பிடி. உங்கள் நாயகி மனமிரங்கினாள் என்று நான் நம்பமாட்டேன்!

2015 பிப்ரவரி 26 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் இந்தப் பிரிவை ரத்து செய்தது. அதற்குப் பிந்தைய கதைகளில் போலீஸ் வராது, நஷ்டஈட்டு வழக்குதான் வரும்.