இன்னொரு பூமி இருக்கிறதா, டீச்சர்? கோள்கள் பற்றிய கேள்வி பதில்

நாகர்கோவிலில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கோள்களைப் பற்றியும் வேறு உலகங்களைப் பற்றியும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: புதிய கோளைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், அதில் அளந்தது எது, ஊகித்தது எது என்று முதலில் பாருங்கள். கீழே நானும் அப்படிப் பிரித்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

முட்டத்திலிருந்து ஒரு மீனவத் தம்பி: தெற்கே சிலுவை மாதிரி நிற்கும் நட்சத்திரங்களை அப்பா காட்டியிருக்கிறார். அதற்கு இடப்பக்கம் பளிச்சென்று இரண்டு நிற்கின்றனவே, அவை என்ன?

தம்பி, அந்த இரண்டில் சிலுவையை விட்டுத் தள்ளி இடது ஓரத்தில் நிற்பது ஆல்பா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் அதுதான், தூரம் 4.37 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்தான் ஒளியாண்டு). சிலுவைக்குப் பக்கத்தில் இருப்பது பீட்டா சென்டாரி. பார்வைக்கு இரண்டும் ஜோடி போலத் தெரியும். ஆனால் பீட்டா ஏறக்குறைய 390 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

இதைப் பார்ப்பதில் நம் மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கன்னியாகுமரி 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஆல்பா சென்டாரி இங்கே கடலுக்கு மேல் 21 டிகிரி உயரம் வரை ஏறி வருகிறது. டில்லியில் அது அடிவானத்தை ஒட்டியே நின்றுவிடும், ஒரு டிகிரிகூட ஏறாது என்பதால் பார்ப்பது மிக அரிது. மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் சிலுவை நேராக நிற்கும். பதினொன்றரை வாக்கில் ஆல்பா சென்டாரி உச்சத்துக்கு வரும். ஜூனில் மேகம் கூடிவிடும், அதற்குள் பார்த்துவிடுங்கள்.

அந்தக் குடும்பத்தின் மூன்றாவது உறுப்பினர் பிராக்சிமா, 4.24 ஒளியாண்டு. மங்கலான சிவப்புக் குள்ள நட்சத்திரம், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக 2016-ல் அறிவித்தார்கள். 11.2 நாளில் ஒரு சுற்று. பூமியைப் போன்ற எடை, ஆனால் அது குறைந்தபட்ச எடை மட்டும்தான். அதன் குறுக்களவை இதுவரை யாரும் அளந்ததில்லை. எனவே அதில் கடலும் மேகமும் வரைந்து வரும் படங்கள் எல்லாம் ஓவியரின் கற்பனை.

சுசீந்திரத்திலிருந்து ஒரு பெரியவர்: குருப்பெயர்ச்சி வருஷத்துக்கு ஒன்று, சனிப்பெயர்ச்சி இரண்டரை வருஷத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

ஐயா, மிக நல்ல கேள்வி. வானத்தைப் பன்னிரண்டு ராசியாகப் பிரித்திருக்கிறோம். ராசிக்கு ஓராண்டு என்றால் வியாழன் முழுச் சுற்று வர 12 ஆண்டு, ராசிக்கு இரண்டரை என்றால் சனிக்கு 30 ஆண்டு. இன்றைய துல்லியமான அளவு வியாழனுக்கு 11.86 ஆண்டு, சனிக்கு 29.46 ஆண்டு. தொலைநோக்கி இல்லாத காலத்தில் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்தவர்களின் உழைப்பு அது. கும்பகோணத்தில் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் வியாழனின் சுற்றுப்பாதையால்தான். பலன்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, இயற்பியலில் அதற்கு ஆதாரம் கிடையாது. காலக்கணக்கை மட்டும் கைகூப்பி ஏற்கிறேன்.

இந்த எண்களுக்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. 1619-ல் கெப்ளர் அதை வெளியிட்டார்: சுற்றும் காலத்தின் இருபடி, தூரத்தின் முப்படிக்குச் சமம். காலத்தை ஆண்டிலும், தூரத்தைப் பூமி-சூரியன் தூரத்தின் மடங்கிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். வியாழன் 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது. 5.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 140.6. அதன் வர்க்கமூலம் 11.86. பேரப்பிள்ளைகளிடம் கால்குலேட்டர் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்களுக்கும் இதே விதிதான். நட்சத்திரத்தின் எடையும், கோள் ஒரு சுற்று வரும் நாட்களும் தெரிந்தால் தூரம் கிடைத்துவிடும். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு வெயில் விழும் என்பதும் கிடைக்கும். பார்க்கவே முடியாத ஓர் உலகத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறதே என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே பெரியவர்: அப்படியானால் வக்கிரகதி என்பது?

கோள் உண்மையில் பின்னால் போவதில்லை. நம் பஸ் முன்னால் போகும் லாரியை முந்தும்போது, தூரத்து மலையோடு ஒப்பிட்டால் லாரி பின்னோக்கி நகர்வது போலத் தெரியும் இல்லையா? பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போய்ச் செவ்வாயை முந்துகிறது. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது.

இரணியலிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி: பூமி நீள்வட்டத்தில் சுற்றுகிறது என்றால், சூரியனுக்கு அருகில் வரும்போதுதானே நமக்கு வெயில் காலம்?

இல்லை மகளே. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். அப்போது வட இந்தியா குளிரில் நடுங்கும். ஜூலையில் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டருக்குத் தள்ளிப் போய்விடுகிறோம். பருவங்களை உண்டாக்குவது பூமி அச்சின் 23.4 டிகிரி சாய்வு. நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு ஆண்டில் இரண்டு முறை வரும், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும். அந்த நண்பகலில் ஒரு கம்பை நேராக நட்டுவைத்தால் நிழல் விழாது. பள்ளிக்கூட மைதானத்தில் செய்து பார்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நட்சத்திரமே ஒரு புள்ளியாகத் தெரியும்போது, அதைச் சுற்றும் கோளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, கோள் இழுக்கும் இழுப்பில் நட்சத்திரம் இலேசாக அசைவதை அதன் ஒளியின் நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறப்பட்டையில், பார்ப்பது. 1995-ல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி நட்சத்திரத்தில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். வியாழனில் பாதி எடையுள்ள கோள், 4.2 நாளில் ஒரு சுற்று. 2019-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வியாழன் நம் சூரியனை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது, பூமியோ நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான். பூமி போன்ற கோளைப் பிடிப்பது ஏன் கஷ்டம் என்று இதிலிருந்தே தெரியும். நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. அபு மலையில் உள்ள பாரஸ் கருவி மூலம், பூமியைப் போல 27 மடங்கு எடையுள்ள ஒரு கோளை 2018-ல் அறிவித்தார்கள்.

இரண்டாவது வழி கடப்பு. 2004 ஜூன் 8 அன்று வெள்ளி ஒரு கறுப்புப் பொட்டாகச் சூரியனைக் கடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுபோலக் கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது ஒளி சற்றுக் குறையும். வியாழன் அளவு கோள் என்றால் 1 சதவீதம், பூமி அளவு என்றால் 0.008 சதவீதம். அதோடு சுற்றுப்பாதை நம் பார்வைக்கு நேர்கோட்டில் அமைந்திருக்க வேண்டும். சூரியனையும் பூமியையும் போன்ற ஜோடிக்கு அந்த வாய்ப்பு இருநூற்றில் ஒன்று. ஒரே இடைவெளியில் மூன்று முறையாவது ஒளி குறைய வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள். ஆண்டுக்கு ஒரு சுற்று வரும் கோளுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டுமே! அதனால்தான் சில நாட்களில் சுற்றி முடிக்கும் கோள்கள் நிறையக் கிடைக்கின்றன. அவைதான் அங்கே அதிகம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கெப்ளர் தொலைநோக்கி ஒன்றே 2,600-க்கு மேல் கண்டுபிடித்தது. மொத்த எண்ணிக்கை 2025-ல் 6,000-த்தைத் தாண்டிவிட்டது.

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர்: "வாழத்தகு மண்டலத்தில் கோள் கண்டுபிடிப்பு" என்றால் அங்கே உயிர் வாழலாம் என்றுதானே அர்த்தம்?

சார், எனக்கு மிகவும் மனக்குறை தருவது இந்த இடம்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாழத்தகு மண்டலம் என்பது தூரத்தைப் பற்றிய சொல். அங்கே ஒரு கோளுக்குத் தகுந்த காற்றுமண்டலம் இருந்தால் தரையில் தண்ணீர் நீராகவே நிற்க முடியும். அந்த "இருந்தால்" செய்தித்தாளுக்கு வருமுன் உதிர்ந்துவிடுகிறது.

நிலாவைப் பாருங்கள். பூமிக்குக் கிடைக்கும் அதே வெயில்தான் அதற்கும் கிடைக்கிறது. ஆனால் அதன் நடுக்கோட்டில் பகலில் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130. காற்று இல்லாததுதான் முக்கியக் காரணம். வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேகங்கள் விழும் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பூமி உள்வாங்கும் அளவு வெப்பத்தைக்கூட அது உள்வாங்குவதில்லை. ஆனாலும் தரையில் 465 டிகிரி! ஈயம் உருகிவிடும். காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு, அழுத்தம் நம்மைப் போல 90 மடங்கு.

நம் பூமியின் கதையும் அதுவே. காற்றில் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாக இருந்திருக்கும். இப்போது இருப்பது 15 டிகிரி. நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் இன்றைவிடக் கால் பங்குக்கு மேல் மங்கலாக எரிந்தது, ஆனாலும் கடல்கள் முழுதாக உறைந்துவிடவில்லை. மழை கரியமில வாயுவைக் கரைத்துப் பாறைகளை அரிக்கிறது, அது கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக்கல் ஆகிறது, எரிமலைகள் அதைத் திரும்பக் காற்றில் விடுகின்றன. குளிர் கூடினால் மழை குறைந்து வாயு சேர்கிறது, வெப்பம் கூடினால் மழை மிகுந்து வாயு குறைகிறது. இப்படி ஓர் ஏற்பாடு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓட வேண்டும். தூரம் சரியாக இருப்பது முதல் படி மட்டுமே.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. வியாழனின் நிலாவான யூரோப்பா இந்த மண்டலத்துக்கு வெகு வெளியே இருக்கிறது. ஆனால் அதன் பனிக்கட்டிக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-ல் வியாழனிடம் போய்ச்சேரும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சகோதரி: டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்துக்கு ஏழு பூமிகள் என்றார்களே?

பூமி அளவுள்ள ஏழு பாறைக் கோள்கள், 40 ஒளியாண்டு தூரத்தில். ஏழையும் 2017-ல் அறிவித்தார்கள். இங்கே அளவும் எடையும் நன்றாகவே அளக்கப்பட்டுள்ளன. ஆனால் சிவப்புக் குள்ள நட்சத்திரத்தோடு வாழ்வது சுலபமில்லை. வெளிச்சம் குறைவு என்பதால் கோள் ஒட்டியே சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோலக் கோளும் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைக் காட்ட நேரிடும். ஒரு பாதி நிரந்தரப் பகல், மறு பாதி நிரந்தர இரவு. அதற்கு மேல், இந்த நட்சத்திரங்கள் அடிக்கடி கதிர்வீச்சைச் சீறியடித்து காற்றை உரித்துவிடக் கூடியவை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023-ல் பார்த்தபோது, உள்ளே இருக்கும் முதல் இரண்டு கோள்களிலும் அடர்த்தியான கரியமில வாயு மண்டலம் தென்படவில்லை. வெளியே உள்ளவற்றின் ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை.

குளச்சலிலிருந்து ஒரு வாசகர்: 124 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோளில் உயிரின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று 2025-ல் படித்தேன். உண்மையா?

அண்ணாச்சி, அது கே2-18பி. பூமியைப் போல 2.6 மடங்கு குறுக்களவு, 33 நாளில் ஒரு சுற்று. கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் குழுவினர் ஜேம்ஸ் வெப் மூலம் 2023-ல் அதன் காற்றில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில், டைமெத்தில் சல்பைடு அல்லது அதைப் போன்ற ஒரு பொருளின் தடயம் தெரிவதாகச் சொன்னார்கள்.

அந்தப் பொருள் உங்களுக்குப் பழக்கமானதுதான். கடற்கரையில் அடிக்கும் கடல் வாசனையில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசிகள் அதை உண்டாக்குகின்றன. அதனால்தான் உலகமே பரபரப்பானது.

ஆனால் அந்தத் தடயம் தற்செயலாகத் தோன்றியிருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு இருப்பதாக அவர்களே குறிப்பிட்டார்கள். அறிவியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க அது போதாது. அதே தரவை வேறு குழுக்கள் ஆராய்ந்தபோது தடயம் உறுதிப்படவில்லை. மேலும், உயிரே இல்லாத 67பி என்ற வால்நட்சத்திரத்திலும் டைமெத்தில் சல்பைடு இருந்ததை ரோசெட்டா விண்கலத்தின் தரவு காட்டியிருக்கிறது. ஆக, அந்தப் பொருள் இருந்தாலும் உயிர் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. இன்றைய நிலை: மீத்தேன் உறுதி, உயிர் உறுதியில்லை.

கருங்கலிலிருந்து ஒரு தம்பி: அங்கெல்லாம் நாம் போக முடியுமா?

இப்போதைக்கு இல்லை. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாயேஜர்-1 விண்கலம் பிராக்சிமாவின் தூரத்தைக் கடக்க 70 ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

குலசேகரத்திலிருந்து பிளஸ் டூ மாணவி: இந்தத் துறைக்குப் போக என்ன படிக்கணும், டீச்சர்? எங்கள் வீட்டில் தொலைநோக்கி வாங்க வசதி இல்லை.

தொலைநோக்கி இல்லாதது ஒரு தடையே இல்லை, மகளே. இயற்பியலும் கணிதமும் கெட்டியாகப் படி. அப்புறம் பைத்தான் மொழியில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள், இன்று புறக்கோள் (வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்) ஆய்வில் பெரும்பாலான வேலை அதில்தான் நடக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் நமக்குப் பக்கம்தான். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்தும் காவலூர் ஆய்வகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. இஸ்ரோ தலைவராக இருந்த சிவனும், 2025-ல் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் இந்த மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் என்பதை வீட்டிலும் சொல்லு.

இன்றே தொடங்க வேண்டுமா? கெப்ளர், டெஸ் தொலைநோக்கிகளின் ஒளி அளவீடுகள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளானட் ஹன்டர்ஸ் என்ற திட்டத்தில் பொதுமக்களே அந்த அளவீடுகளை வரைந்த ஒளிக்கோடுகளைப் பார்த்து, கணினி தவறவிட்ட கோள்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செல்போனிலேயே பார்க்கலாம். கோடு சட்டென்று பள்ளமாகிற இடத்தைக் குறித்துக்கொள், அதே இடைவெளியில் மறுபடி பள்ளம் வருகிறதா என்று தேடு. வந்தால் அந்த நாட்களின் எண்ணிக்கையைக் கெப்ளர் விதியில் போட்டுத் தூரத்தைக் கணக்கிட்டு எனக்கு அனுப்பு. விடையைச் சேர்ந்தே சரிபார்ப்போம்.